விவசாயி, போர்வீரர்: அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போன ஒரு மூதாதையின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து மீட்பது எப்படி?

அமெரிக்காவில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. அந்த வீட்டுப் பிள்ளைகள் குடும்ப மரம் வரைய உட்கார்ந்தால், ஒரு கிளை கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடும். இன்னொரு கிளை 1860-கள் வரை ஓடி, "விவசாயி, உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர்" என்ற ஒற்றை வரியில் முட்டி நிற்கும். அந்த வரியை ஒரு முழு வாழ்க்கையாக விரிக்கும் வழி இது.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் போரிலிருந்துதான் தொடங்குகிறார்கள், அங்கேயே வழுக்குகிறார்கள். 1861 முதல் 1865 வரையான போரில் அந்த ஆள் இருந்தது அதிகம் போனால் நான்கு ஆண்டு. மண்ணோடு இருந்தது நாற்பது, ஐம்பது ஆண்டு. இந்த இரண்டையும் கட்டிப்போடும் ஆவணம் அவருடைய பென்ஷன் கோப்பு. ஆனால் சரியான ஆளின் கோப்பைத்தான் வாங்குகிறோம் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே அதற்கு ஆர்டர் போட வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழுப் பெயர், மனைவியின் பெயர், இரண்டு மூன்று பிள்ளைகளின் பெயர், அவர் இறந்த மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு). இவ்வளவு போதும். பிறந்த தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. கவுண்டி தெரியாவிட்டால்தான் சிக்கல்.

காரணம், அங்கே நிலப் பத்திரம், திருமணப் பதிவு, உயில், வரிப்பட்டியல் எல்லாமே பெரும்பாலும் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில்தான் இருக்கும். நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேடுவதுபோல. கவுண்டி எல்லைகளும் அடிக்கடி மாறின. குடும்பம் அசையாமல் ஒரே வீட்டில் இருந்திருக்கும், கவுண்டியின் பெயர் மட்டும் மாறியிருக்கும். அதனால் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் அந்த இடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்: ஆண்டு, இடம், எந்த ஆவணம், அது என்ன சொல்கிறது, அதைச் சொன்னது யார். கடைசிப் பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மரணச் சான்றிதழில் உள்ள பிறந்த ஊரைச் சொன்னவர் மருமகனாக இருக்கலாம், அவருக்கு அது சரியாகத் தெரியாமலும் இருக்கலாம். இரண்டு ஆவணங்கள் முரண்படும்போது எதை நம்புவது என்பதை அந்தப் பத்திதான் சொல்லும்.

2. இறப்பிலிருந்து பின்னோக்கி நடங்கள்

முதலில் கல்லறை. அரசு கொடுத்த யூனியன் (வடக்கின், மத்திய அரசுப் பக்கத்து) படைக் கல்லில் குழிந்த கேடய வடிவத்துக்குள் பெயர், கம்பெனியின் எழுத்து, ரெஜிமென்ட் (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு) எண், மாநிலம் எல்லாம் புடைப்பாக இருக்கும். தேசியக் கல்லறைகளுக்கு 1873-லும் தனியார் கல்லறைகளுக்கு 1879-லும் இந்தக் கல்லைக் கொடுக்கச் சட்டம் வந்தது. உச்சி கூராக இருந்தால் அது கான்ஃபெடரேட் (பிரிந்துபோன தென் மாநிலங்களின்) வீரருக்கானது.

அடுத்தது சென்சஸ். 1910 சென்சஸில் போர்வீரருக்கென்று ஒரு பத்தி உண்டு. யூனியன் தரைப்படைக்கு 'யுஏ', கடற்படைக்கு 'யுஎன்', கான்ஃபெடரேட் தரைப்படைக்கு 'சிஏ', கடற்படைக்கு 'சிஎன்' என்று எழுதியிருப்பார்கள். 1900 சென்சஸ் பிறந்த மாதத்தையும் ஆண்டையும் தரும்.

1890 மக்கள்தொகைக் கணக்கில் பெரும்பகுதி 1921 ஜனவரித் தீயிலும் அதன் பின்விளைவுகளிலும் போய்விட்டது. அதைக் கேட்டதும் 1890-ஐயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள், அது தவறு. அதே ஆண்டு யூனியன் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தனியாக ஒரு பட்டியல் எடுத்தார்கள். மாநிலப் பெயர்களின் அகரவரிசையில் கென்டக்கியின் ஒரு பகுதியிலிருந்து வயோமிங் வரை அது பிழைத்திருக்கிறது. கம்பெனி, ரெஜிமென்ட், சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, உடல் ஊனம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். அதில் சில பெயர்கள் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தால், தவறாகச் சேர்க்கப்பட்ட கான்ஃபெடரேட் வீரர்களாக இருக்கக்கூடும். அடித்தாலும் படிக்க முடியும்.

1865 நியூயார்க் மாநில சென்சஸும் 1885 கான்சஸ் மாநில சென்சஸும்கூடப் படைப்பணியைப் பதிவு செய்தவை. இந்தக் கட்டத்தில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ரெஜிமென்டின் பெயர்.

3. பெயர் ஒன்று, ஆள் பலர்

யூனியன் படையில் ஏறக்குறையப் பாதிப்பேர் விவசாயிகள். ஆகவே "தொழில்: விவசாயி" என்ற குறிப்பை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. பெயர் பொதுவானதாக இருந்தால் ஒரே மாநிலத்திலேயே அதே பெயரில் பத்துப் பேர் தென்படுவார்கள்.

தேசியப் பூங்காத் துறையின் இணையத் தளத்தில் போர்வீரர் பெயர்ப் பட்டியல் இலவசமாக இருக்கிறது. அதில் உள்ள பெயர்கள் 63 லட்சம். அத்தனை பேர் சண்டையிடவில்லை. எழுத்து மாறினாலும் படைப்பிரிவு மாறினாலும் ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வருவார். பெயரின் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். ஜெர்மன், நார்வே குடியேறிகளின் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடிதான் எழுதினார்கள்.

ஆளை உறுதி செய்ய நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரு கம்பெனி என்பது சுமார் நூறு பேர், பெரும்பாலும் ஒரே கவுண்டியில் திரட்டப்பட்டவர்கள். அந்தக் கம்பெனியின் பெயர்ப்பட்டியலையும் 1860 சென்சஸில் நம்மவர் வீட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் அருகருகே வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர், அடுத்த பண்ணைப் பையன் என்று நான்கைந்து பெயர் பொருந்தினால் ஆள் அவர்தான். ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால் நிறுத்தி யோசியுங்கள்.

ஒரு விதிவிலக்கு: ரெஜிமென்டின் மாநிலமும் வீட்டு மாநிலமும் வேறாக இருக்கலாம். 1861-ல் இல்லினாய் மாநில ஒதுக்கீடு நிரம்பிவிட்டதால் ஆற்றைத் தாண்டி மிசூரி ரெஜிமென்டுகளில் சேர்ந்தவர்கள் உண்டு.

4. படைப்பணிக் கோப்பு: மெலிந்தது, ஆனால் முதலில் வேண்டியது

வாஷிங்டனில் உள்ள நேஷனல் ஆர்கைவ்ஸில் (தேசிய ஆவணக் காப்பகத்தில்) தொண்டர் படை வீரர் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை இருக்கிறது. போருக்குப் பின் போர்த்துறைக் குமாஸ்தாக்கள் பழைய வருகைப் பதிவேடுகளிலிருந்து ஆள்வாரியாக அட்டைகளில் எழுதியெடுத்தவை அவை. கேட்க வேண்டிய படிவத்தின் எண் 86. பல ரெஜிமென்டுகளின் அட்டைகள் ஃபோல்ட்3 போன்ற தளங்களில் ஏற்கெனவே இருப்பதால், பணம் கட்டும் முன் அங்கே பாருங்கள். நிரந்தர ராணுவத்தில் இருந்தவருக்கு இந்த உறை கிடையாது, அவருக்குச் சேர்க்கைப் பதிவேடுதான்.

பெரும்பாலான அட்டைகள் இரண்டு மாதத்துக்கு ஒன்று. "இருக்கிறார்", "இல்லை, மருத்துவமனையில்" என்பதைத் தவிர அதிகம் இருக்காது. கம்பெனி விவரப் புத்தகத்திலிருந்து எடுத்த அட்டைதான் முக்கியம். வயது, உயரம், கண் நிறம், பிறந்த இடம், தொழில் எல்லாம் அதில். இந்த உயரமும் கண் நிறமும் பிறகு பென்ஷன் கோப்பில் திரும்ப வரும். பொருந்தினால் இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அது சாட்சி.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 18 ஆகாத பையன்கள் கூட்டிச் சொன்னார்கள், 45-ஐத் தாண்டியவர்கள் குறைத்துச் சொன்னார்கள்.

"ஓடிப்போனவர்" என்ற குறிப்பைப் பார்த்ததும் குடும்பத்தில் சிலருக்கு முகம் வாடும். அடுத்த அட்டைகளையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். அறுவடைக்கு வீட்டுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பியவர்களையும், வேறு ஊர் மருத்துவமனையில் கிடந்தவர்களையும் இப்படி எழுதிவிட்டுப் பிறகு அந்தக் குற்றச்சாட்டை நீக்கிய உத்தரவும் அதே உறையில் இருக்கலாம்.

5. பென்ஷன் கோப்பு: இதில்தான் மனிதர் இருக்கிறார்

பென்ஷன் கோப்புகளுக்கு இரண்டு வகைப் பெயரட்டை வரிசைகள் உண்டு. டி288 பெயர் வரிசையில், டி289 ரெஜிமென்ட், கம்பெனி வரிசையில். பெயர் வரிசையில் கிடைக்காதவர் ரெஜிமென்ட் வரிசையில் கிடைப்பார். அட்டையில் விண்ணப்ப எண், சான்றிதழ் எண், விண்ணப்பித்த மாநிலம், புனைபெயர் இருந்தால் அதுவும் இருக்கும். 'இன்வேலிட்' என்பது வீரரின் விண்ணப்பம், 'விடோ' மனைவியுடையது, 'மைனர்' பிள்ளைகளுடையது. எல்லா எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். மனைவி விண்ணப்பித்திருந்தால் கணவரின் காகிதங்கள் பெரும்பாலும் அவருடைய கோப்போடு சேர்க்கப்பட்டிருக்கும். 'சி' அல்லது 'எக்ஸ்சி' என்று தொடங்கும் எண் என்றால் கோப்பு வேறு கிடங்கில் இருக்கலாம், கூடுதல் நாட்கள் ஆகும்.

கேட்கும்போது படிவம் 85-ன் 'டி' வகையைக் கேளுங்கள், உள்நாட்டுப் போர் வீரருக்கு அதுதான் முழுக் கோப்பு. 'பி' வகை, குடும்ப விவரம் உள்ள சில தாள்களை மட்டும் பொறுக்கித் தருவது. மலிவு என்று அதை வாங்கினால் நமக்கு அதிகம் வேண்டிய அக்கம்பக்கத்தார் வாக்குமூலங்கள் விடுபடும். பிறகு மறுபடி பணம் கட்டி முழுக் கோப்பும் வாங்குவார்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நிராகரிக்கப்பட்டவர் திரும்பத் திரும்ப நிரூபிக்க முயன்றிருப்பார் என்பதால் அவை சில சமயம் இன்னும் தடிமன்.

கோப்பு வந்ததும் படிக்க ஆரம்பிக்காதீர்கள். தாள்கள் தேதி வரிசையில் இருக்காது. முதலில் தேதிவாரியாக அடுக்குங்கள், பிறகு எந்தத் தாள் எந்தச் சட்டத்தின் கீழ் என்று மூலையில் எழுதுங்கள். தாளின் பொருளே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

1862 சட்டத்தின் கீழ், ஊனமோ நோயோ படைப்பணியில் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். முழு ஊனத்துக்குச் சாதாரண வீரருக்கு மாதம் 8 டாலர். அதனால் அந்தக் காலத் தாள்கள் போரைப் பற்றியே பேசும்: எந்த முகாமில் காய்ச்சல் வந்தது, எந்த ஆற்றை நனைந்துகொண்டு கடந்தார், கூட இருந்தது யார். 1890 ஜூன் 27 சட்டம் அதை மாற்றியது. 90 நாள் பணி, முறையான விடுவிப்பு, உடலுழைப்புக்கு இயலாமை இருந்தால் போதும். நோய் போரில் வந்திருக்க வேண்டியதில்லை. மாதம் 6 முதல் 12 டாலர். 1907 சட்டத்தில் வயதே தகுதியானது: 62-க்கு 12, 70-க்கு 15, 75-க்கு 20 டாலர்.

இது தெரியாததால் வரும் பிழை ஒன்று உண்டு. 1890 ஜூலையில் விண்ணப்பித்திருப்பார், உடனே "1890-ல் உடல்நிலை மோசமானது" என்று எழுதிவிடுவார்கள். மாறியது சட்டம்தான், உடல்நிலை அல்ல. முதுகுவலியும் மூட்டுவாதமும் குடலிறக்கமும் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் இருபது ஆண்டாகவே இருந்திருக்கும்.

மருத்துவர் குழுவின் அறிக்கையில் எடை, உயரம், நாடித்துடிப்பு, அச்சிட்ட மனித உருவப்படத்தில் காயத்தின் இடம் எல்லாம் இருக்கும். ஊனத்தின் அளவை 6/18, 10/18 என்று பதினெட்டில் பங்காக எழுதுவது வழக்கம். கையைப் பற்றிய குறிப்புகளையும் விடாதீர்கள். உள்ளங்கை காய்த்திருக்கிறதா என்று மருத்துவர்கள் பார்த்தார்கள். காய்த்திருந்தால் ஏர் பிடிக்கிறார் என்று பொருள், பங்கு குறையும்.

விவசாயியின் வாழ்க்கை அப்படியே கிடைப்பது அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலங்களில். "நல்ல ஆள் செய்வதில் பாதி வேலைதான் இவரால் முடியும்" என்ற ரீதியில் சாட்சி சொல்லியிருப்பார்கள். எந்தப் பயிர், எந்த ஆண்டு, கூலிக்கு யார் வந்தது என்பதும் இடையில் வரும். சாட்சிகளின் பெயர்களைத் தனியே எழுதுங்கள், அவர்களில் உறவினர் இருப்பார்கள். கைநாட்டு வைத்தவர்களுக்குப் பெருக்கல் குறியும் பக்கத்தில் பெயரும் இருக்கும்.

இரண்டு தாள்களைத் தவறவிடாதீர்கள். 1898-லும் 1915-லும் பென்ஷன் துறை அனுப்பிய கேள்வித்தாள்களில் திருமணம் நடந்த இடம், நடத்தி வைத்தவர், பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி எல்லாம் வீரரின் சொந்தப் பதிலாக இருக்கும். 1907-க்குப் பிந்திய விண்ணப்பப் படிவத்தில், படையை விட்டபின் எங்கெங்கே குடியிருந்தார் என்ற கேள்வி உண்டு. அந்த ஒரு வரிதான் 7, 8-ம் படிகளுக்கு வரைபடம்.

6. தெற்கில் இருந்தவர் என்றால்

கான்ஃபெடரேட் வீரருக்கு மத்திய அரசின் இந்தப் பென்ஷன் கிடையாது. மாநிலங்கள் தனித்தனியே கொடுத்தன. டென்னசியில் 1891-ல், டெக்ஸஸில் 1899-ல் தொடங்கியது. விண்ணப்பம் அவர் சண்டையிட்ட மாநிலத்தில் இருக்காது, முதுமையில் குடியிருந்த மாநிலத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஜார்ஜியா ரெஜிமென்டில் இருந்தவரை டெக்ஸஸில் தேட வேண்டி வரலாம். இவை பொதுவாக வறுமையை நிரூபிக்கச் சொன்னவை, ஆகவே எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்ற கணக்கு அதிலேயே இருக்கும்.

டென்னசி மாநிலம் 1914–15-லும் 1922-லும் முதிய வீரர்களுக்கு, யூனியன் வீரர்கள் உட்பட, கேள்வித்தாள் அனுப்பியது. பெற்றோருக்கு எவ்வளவு நிலம், வீடு மரத்துண்டுகளால் ஆனதா, சிறுவயதில் ஏர் ஓட்டினீர்களா, வீட்டில் அடிமைகள் இருந்தார்களா என்றெல்லாம் கேட்டது. பதில் அனுப்பியவர்களில் நம்மவர் இருந்தால் அதிர்ஷ்டம்.

தெற்கிலேயே யூனியன் பக்கம் நின்ற விவசாயிகளும் உண்டு. யூனியன் படை எடுத்துக்கொண்ட குதிரை, தானியம், வேலிக்கட்டைகளுக்கு இழப்பீடு கேட்டு 1871 முதல் அவர்கள் கொடுத்த மனுக்கள், சாட்சியங்களோடு இருக்கின்றன.

1850, 1860 ஆண்டுகளின் அடிமைகள் பட்டியலையும் பாருங்கள். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டுமே. நம்மவர் யூனியனின் கறுப்பினப் படைப்பிரிவில் இருந்தவர் என்றால் பாதை தலைகீழ். பெயரோடு அவர் வரும் முதல் மத்திய சென்சஸ் பெரும்பாலும் 1870. அதற்கு முந்திய வாழ்க்கைக்குப் பென்ஷன் கோப்பிலுள்ள முன்னாள் உரிமையாளரின் பெயரே கதவு. அந்தப் படைப்பிரிவுகளில் சுமார் 1,79,000 பேர் இருந்தார்கள்.

7. வேளாண் கணக்குத் தாள்

1850, 1860, 1870, 1880 சென்சஸ்களில் பண்ணைகளுக்கென்று தனித் தாள் உண்டு. மக்கள்தொகைத் தாளோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டாம் தாளில் உழுத நிலம், உழாத நிலம், கருவிகளின் மதிப்பு, குதிரை, கோவேறு கழுதை, உழவு எருது, கறவை மாடு, பன்றி, மக்காச்சோளம் எத்தனை புஷல், வெண்ணெய் எத்தனை பவுண்டு என்று ஒரே வரியில் பண்ணை முழுதும் கிடக்கிறது. ஒரு புஷல் மக்காச்சோளம் சுமார் 25 கிலோ, கோதுமை சுமார் 27 கிலோ.

பெயர்த் தேடலில் வராவிட்டால் கையால் புரட்டுங்கள். கணக்கெடுப்பவர் வீடு வீடாக நடந்த வரிசையிலேயே இந்தத் தாளும் இருக்கும்.

கால்நடை எண்ணிக்கை ஜூன் 1 அன்று உள்ளது, விளைச்சல் அதற்கு முந்திய ஆண்டினது. 1880 தாளின் கோதுமை 1879-ல் அறுத்தது. பெயரே இல்லையென்றால் நிலமில்லாதவர் என்று எழுதிவிடாதீர்கள். 1850-ல் ஆண்டு விளைச்சல் 100 டாலருக்குக் குறைந்த பண்ணைகளைச் சேர்க்கவில்லை. 1870 முதல் 3 ஏக்கருக்குக் குறைந்தவற்றில் 500 டாலர் விளைச்சல் இல்லாதவையும் விடுபட்டன.

1880 தாள் மற்றவற்றைவிட வளமானது. சொந்தமா, பணக் குத்தகையா, விளைச்சலில் பங்கு தரும் குத்தகையா என்று கேட்கிறது. கூலிக்குக் கொடுத்த தொகை, கூலியாள் வைத்த வாரங்கள் என்று இரண்டு பத்திகளும் உண்டு. அவை 9-ம் படிக்கு வேண்டும்.

8. நிலம் எப்படி வந்தது

"போருக்குப் போனதற்கு அரசு நிலம் கொடுத்தது" என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். உள்நாட்டுப் போர்ப் பணிக்காக அப்படி இலவச நில வாரன்ட் (நிலம் பெறும் உரிமைச் சீட்டு) கிடையாது, அது முந்திய போர்களுக்கானது. இவர்களுக்குக் கிடைத்தது ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஒரு சலுகை.

1862-ன் அந்தச் சட்டப்படி 160 ஏக்கர் வரை பதிவு செய்து, 5 ஆண்டு குடியிருந்து பயிரிட்டால் பட்டா. 1872 சட்டம் படையில் இருந்த காலத்தை அந்த ஐந்தில் கழித்துக்கொள்ள விட்டது. மூன்று ஆண்டு பணி என்றால் இரண்டு ஆண்டு குடியிருந்தால் போதும். குறைந்தது ஓராண்டாவது இருந்தாக வேண்டும்.

நில நிர்வாகத் துறையின் தளத்தில் பெயர், மாநிலம் கொடுத்தால் பட்டாவின் நகல் இலவசம். அதில் உள்ள டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு டவுன்ஷிப் ஆறு மைலுக்கு ஆறு மைல், அதில் 36 செக்ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கால் செக்ஷன்தான் அந்த 160. பட்டாத் தேதியை வந்து சேர்ந்த தேதியாக எழுதுவது இங்கே வழக்கமான பிழை. அவர் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு.

பட்டா ஒரு தாள், அதற்குப் பின்னால் உள்ள கோப்புதான் சரக்கு. பட்டாவில் உள்ள சான்றிதழ் எண்ணைக் கொண்டு நேஷனல் ஆர்கைவ்ஸில் கேளுங்கள். வீட்டின் நீள அகலம், கிணறு, வேலி, எத்தனை ஏக்கர் உழுதார், எத்தனை பருவம் பயிரிட்டார் என்று அவரும் இரண்டு சாட்சிகளும் சத்தியம் செய்து சொன்னது அதில் இருக்கும்.

ஒஹையோவுக்குக் கிழக்கே உள்ள பழைய மாநிலங்களிலும் கென்டக்கி, டென்னசி, டெக்ஸஸிலும் ஹோம்ஸ்டெட் தேட வேண்டாம். அங்கே மத்திய அரசின் நிலமே இல்லை. கவுண்டிப் பத்திரப் பதிவேட்டில் விற்றவர் வரிசை, வாங்கியவர் வரிசை இரண்டையும் பாருங்கள், அடமானப் புத்தகத்தையும் சேர்த்து. வில்லங்கம் பார்ப்பது போலத்தான்.

9. இரண்டையும் ஒரே தாளில் வைத்தல்

இப்போது பென்ஷன் கோப்பின் வரிகளையும் பண்ணைக் கணக்கையும் ஆண்டு வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அன்றைய பென்ஷன் துறை அளந்தது உடலுழைப்பை, விவசாயிக்கு அதுதான் வயல். ஆகவே ஒரு ஆவணம் சொல்லாததை மற்றது சொல்லும்.

உதாரணமாக, 1879-ல் ஏர் பிடிக்க முடியவில்லை என்று மனு, 1880 தாளிலோ 60 ஏக்கர் உழவு நிலம். பொய் சொன்னார் என்று உடனே எழுதத் தோன்றும். கூலி வாரங்களின் பத்தியைப் பாருங்கள், மக்கள்தொகைத் தாளில் வீட்டிலிருந்த பையன்களின் வயதைப் பாருங்கள். 30 வாரக் கூலியோ 14, 16 வயதுப் பிள்ளைகளோ இருந்தால் அந்த 60 ஏக்கரை உழுதது யார் என்று தெரியும். இரண்டும் இல்லையென்றால் கேள்வியைக் கேள்வியாகவே எழுதி வையுங்கள்.

கோதுமை ஏக்கர் குறைந்து கறவை மாடு கூடியிருந்தால், குனிந்து நிமிரும் வேலையிலிருந்து விலகினாரா என்று யோசிக்கலாம். ஆனால் அதே பக்கத்தில் உள்ள அண்டைப் பண்ணைகளையும் பாருங்கள். எல்லாரும் மாடு வாங்கியிருந்தால் காரணம் அவருடைய முதுகல்ல, ஊரில் வந்த பால் வியாபாரம்.

மரணத்தின் தேதிக்குக் கடைசியில் ஒரு எச்சரிக்கை. கோப்பின் மேல் தாள்களில் "மார்ச் 4 வரை கொடுக்கப்பட்டது" என்பதுபோல ஒரு தேதி இருக்கும். பென்ஷன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான்காம் தேதிக் கணக்கில் கொடுத்தார்கள். அந்தத் தேதி கடைசித் தவணையினுடையது, இறந்த நாளுக்கு மனைவியின் விண்ணப்பத்தைப் பாருங்கள். பிறகு கவுண்டியில் அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி, 1880 தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏர், வண்டி, எருது என்று எவை மிஞ்சின, எவை முன்பே விற்கப்பட்டன என்பது அங்கே பொருள் வாரியாக, டாலர் விலையோடு இருக்கும்.